எலுமிச்சம்பழத்துக்காக எடுத்த கட்டை

அவைக்கு அழகாய் அமர்ந்திருக்கும் தலைவர் கணேசலிங்கம் அவர்களே, முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் மூத்தோரே, லண்டனின் மறுகோடி ஈஸ்ட் ஹாமிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்த இனியவர்களே, நோர்பரி நண்பர்களே, சமையலறையில் சட்டியோடும் சாம்பாரோடும் நின்றபடி செவியை மட்டும் இங்கே அனுப்பியிருக்கும் தாய்மாரே, அனைவருக்கும் அம்பலவாணனின் அடக்கமான வணக்கம்!

கைதட்டாதீர்கள். தயவுசெய்து வேண்டாம். இன்றைக்கு நான் கைதட்டலுக்குரியவன் அல்லன்.

ஏன் என்னை மேடைக்கு அழைத்தார்கள்? எங்கள் சங்கத்தின் கரவனுக்கு, வேறொரு வண்டிக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் அந்த வீட்டு வண்டிக்கு, பத்தாண்டு நிறைவு. 1987இல் வாங்கிய நாள் முதல் சனிக்கிழமை தவறாமல் அகதிகளாய் வந்த எம்மவருக்குக் கவுன்சில் படிவமும் அரசு உதவிப்பணத்துக்கான பெனிபிட் படிவமும் நிரப்பிக் கொடுத்த வண்டி அது. அந்த வண்டிக்கு மின்சார ஜாக்கி பூட்டிய மேதைக்கு இன்று பொன்னாடை! அந்த மேதை யார்? நானாம்!

அந்தப் பொன்னாடையைச் சற்று மடித்து வையுங்கள், தலைவர் அவர்களே. முதலில் இதைப் பாருங்கள். என் கையில் இருப்பது என்ன? வெறும் மரக்கட்டை. வண்டி உருளாமல் சில்லுக்குக் கீழே வைக்கும் கட்டை. நான்கு ஆண்டுகளாக என் வீட்டுக் கராச்சில் கிடந்து என்னைக் கேள்வி கேட்ட கட்டை!

1993ஆம் ஆண்டு வைகாசி மாதம். கரவனின் மூக்கை, அதாவது கொளுவும் முன்முனையை, தூக்கி இறக்க அப்போது ஒரு கைப்பிடி ஜாக்கி இருந்தது. இழுக்கும் வண்டியில் கொளுவும்போதும் சுற்ற வேண்டும், கழற்றும்போதும் சுற்ற வேண்டும். மழையிலும் பனியிலும் சுற்றியவர் யார்? தன்னுடைய வான் வண்டியிலேயே ஆறு வருடம் அந்தக் கரவனை இழுத்து வந்த சவிரிமுத்து. பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து, கண் எரிய எரிய வந்து சுற்றுவார். ஒருநாளும் முணுமுணுத்தது கிடையாது.

கனடாவிலிருந்து வந்த என் மச்சான் ஒரு மின்சார ஜாக்கி கொண்டுவந்தார். பொத்தானை அழுத்தினால் ஏறும், மறுபடி அழுத்தினால் இறங்கும். சவிரிமுத்துவின் தோள்வலிக்காகப் பூட்டினேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். பொய்! நான் பொறியியல் படித்தவன் என்பதை நீங்கள் எல்லோரும் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் பூட்டினேன்.

பழையதைக் கழற்றினேன், புதியதை நிறுத்தினேன், மூன்று ஆணிகளை முறுக்கினேன், பற்றரியிலிருந்து வயர் இழுத்தேன். ஆனால் ஒரு சிக்கல். அது அமெரிக்க வண்டிகளுக்குச் செய்த ஜாக்கி. இங்கிலாந்துக் கரவனுக்கு முன்சட்டத்தில் ஹேண்ட் பிரேக் உண்டு. மோட்டாரின் தலை அந்தப் பிரேக்கில் இடித்தது. நான் என்ன செய்தேன்? பிரேக்கைத் தளர்த்திக் கீழே கட்டிவிட்டேன். வண்டியின் ஒரே பிடிமானத்தை என் கையாலேயே அவிழ்த்தேன்.

சவிரிமுத்து பார்த்தார்.  போய் இரண்டு கட்டை வெட்டிவந்து இரண்டு சில்லுக்கும் அண்டை கொடுத்தார். அதில் ஒன்றுதான் இது.

அடுத்த சனிக்கிழமை, இதே மண்டபத்துக்கு வெளியே, சரிவான அந்தக் கார் நிறுத்துமிடத்தில் விழா. வேட்டி கட்டி, விபூதி பூசி, விழாநாயகனாய் நின்றேன். பத்து நாற்பதோடு நல்ல நேரம் முடிகிறது. தேங்காய் உடைத்தாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. இனிச் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். ஆனால் பழம் வைக்கும் இடத்தில் கட்டை இருக்கிறதே!

குனிந்தேன். சவிரிமுத்து ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, கட்டையை எடுக்காதேங்கோ. பிரேக் இல்லை. சுவிட்சை அமத்தினால் வண்டி ஓடும். பழத்தைப் பக்கத்திலை வையுங்கோவன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்லவே நாக்கூசுகிறது.

"சவிரிமுத்து, உமக்கு உந்தச் சடங்கு விளங்காது. தள்ளி நில்லும்!"

அத்தனை பேர் நடுவில் சொன்னேன். அவர் தள்ளி நின்றார். இரண்டு கட்டைகளையும் நானே எடுத்தேன். இரண்டு எலுமிச்சம்பழங்களை வைத்தேன். பொத்தானை அழுத்தினேன்.

மூக்கு ஏறியது. நீங்கள் கைதட்டினீர்கள். அடுத்த கணம் ஜாக்கியின் கால் சரிந்தது, மூக்கு தரையில் இடித்தது, பழம் நசுங்கியது, கரவன் பின்னோக்கி உருண்டது. பின்னால் யார் நின்றார்கள்? ஆரத்தித் தட்டோடு எங்கள் தாய்மார்! நான் எங்கே நின்றேன்? பொத்தானில் விரலை வைத்தபடி விறைத்து நின்றேன். ஓடியவர் சவிரிமுத்து. கட்டையைத் தூக்கிக் காலாலேயே சில்லுக்குள் உதைத்தார். வண்டி நின்றது, அவருடைய பாதத்தின் மேல் ஏறி நின்றது.

மூன்று விரல் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை அந்த மனிதர்.

ஓம் அம்மா, நீங்கள் தலையில் கைவைப்பது தெரிகிறது. பொறுங்கள். என் வெட்கம் இன்னும் முடியவில்லை.

புதன்கிழமை நிர்வாகக் குழு கூடியது. சவிரிமுத்து காலில் மாக்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். "கட்டையை எடுத்தது ஆர்?" என்று அன்றைய தலைவர் கேட்டார். கற்பூரப் புகையிலும் கூட்ட நெருக்கத்திலும் நான் குனிந்து எடுத்ததை ஒருவரும் சரியாகக் கவனித்திருக்கவில்லை; நான் அதட்டியதைக் கேட்டவர்களும் ஏதோ சடங்குச் சச்சரவென்றே நினைத்திருந்தார்கள். நான் வாய் திறக்கும் முன்னே மேசைக் கடைசியிலிருந்து ஒரு குரல்.

"அவர் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர்தானே. எலுமிச்சம்பழம் வைக்கிறது பிடிக்காமல் தட்டிவிட்டிருப்பார்."

நான் மறுத்தேனா? மறுக்கவில்லை. எழுந்தேனா? எழவில்லை. எடுத்தவன் நான்தான் என்றேனா? பிஸ்கற்றை ரீயில் தோய்த்துத் தின்றேன்! ஒருவனுடைய மானம் போய்க்கொண்டிருக்கிறது, நான் பிஸ்கற் தின்றேன். "சவிரிமுத்து அவர்களின் கவனக்குறைவால்" என்று கூட்டக்குறிப்பில் எழுதினார்கள். அதன் கீழே கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

இனி வண்டிப் பொறுப்பு உங்களுக்கு இல்லை என்று கடிதம் போனது.  அவர் கரவன் சாவியையும் இரண்டு கட்டைகளையும் துடைத்து, பையில் போட்டு, என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். பிறகுதான் ஜாக்கிப் பெட்டிக்குள் கிடந்த செயல்முறைக் குறிப்புக் காகிதத்தை வாசித்தேன். முதல் வரியே கட்டை வைக்காமல் பொத்தானைத் தொடாதே என்பதுதான். வாசிக்காத அவர் சொன்னார். படித்த நான் வாசிக்கவில்லை. பிறகு பிரேக் இடிக்காதபடி ஜாக்கியைத் தள்ளிப் பூட்டினேன். நான்கு ஆண்டாய் நன்றாக ஓடுகிறது. அதற்குத்தான் இந்தப் பொன்னாடை!

ஏன் இவ்வளவு காலம் கழித்துச் சொல்கிறாய் என்று அங்கே ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. சொல்லுகிறேன் ஐயா.

சற்றுமுன் சமையலறையில் சவிரிமுத்துவின் மனைவி மெற்றில்டா எனக்கு ரீ தந்தார். கணவரைத் தள்ளிவைத்த சங்கத்துக்கு இன்றைக்கும் தோசை சுடுகிற பெண்மணி. "சீனி போடேல்லை அண்ணை. உங்களுக்குச் சலரோகம், பாத்துக் குடு எண்டு அவர் சொல்லி விட்டவர்" என்றார்.

ரீயை அப்படியே மேசையில் வைத்தேன். "அவர் எங்கை?" என்று கேட்டேன். "வெளியிலை வானுக்குள்ளை இருக்கிறார். அவர் உள்ளுக்கு வாறேல்லைத்தானே" என்றார். நான்கு ஆண்டுகளாக மனைவியை ஏற்றி வந்து, விழா முடியும்வரை குளிரில் காத்திருந்து, ஏற்றிக்கொண்டு போகிறார்! நாங்கள் உள்ளே தமிழரின் ஒற்றுமை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தலைவர் அவர்களே, அந்தக் கூட்டக்குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த வரியை இந்தச் சபை முன் வெட்டுங்கள். கட்டையை எடுத்தவன் அம்பலவாணன் என்று எழுதுங்கள். அவரை வேதக்காரர் என்று ஒதுக்கியபோது வாய்மூடியிருந்தவனும் அம்பலவாணன் என்று அதன் கீழே எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

இல்லை, அவரை உள்ளே கூட்டி வரவேண்டாம் தங்கச்சி, உட்காருங்கள். அவரை மேடையில் ஏற்றி, மாலை போட்டு, என் பாரத்தை இறக்க அவரையே கூலியாக்கக் கூடாது. அவமானப்படுத்தியவன்தான் நடந்து போகவேண்டும்.

பொறுமையோடு கேட்ட பெரியோரே, தாய்மாரே, உங்களுக்கு நன்றி. பொன்னாடையை வைத்துவிட்டு, இந்தக் கட்டையை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போகிறேன். அவருடைய வான் கண்ணாடியைத் தட்டுவேன். திறப்பாரோ தெரியாது. திறக்கும்வரை இன்றைக்குக் குளிரில் நிற்க வேண்டியவன் நான்.

வணக்கம்.