குரலுக்கு வேண்டிய இடம்

"மாமா, குரலுக்கு எவ்வளவு இடம் வேணும்?" என்று எங்கள் பங்கைச் சேர்ந்த பெர்னடெட்டின் தங்கை மகள் ஒருமுறை கேட்டாள். "கனக்க வேணும் பிள்ளை" என்றேன். குழந்தைகள் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வது என் வழக்கம்.

கொழும்புத்துறையில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் பழைய கணினிகளைத் திருத்தி ஏழை வீடுகளுக்குக் கொடுத்து வந்தோம். நேரே பென்டிரைவிலிருந்து ஓடும்படி லினக்ஸ் இயங்குதளத்தைத் தயாரிப்பது என் பொறுப்பு. எந்த அளவுப் பென்டிரைவுக்குள் அடக்குவது என்று முடிவெடுப்பதும் நானே. இரண்டு ஜீபி என்றேன். வெளிநாட்டிலிருந்து பை நிறைய வந்திருந்தவை அந்த அளவுதான்.

"நாலு ஜீபி எண்டால் என்ன அண்ணை? தவக்காலமெண்டு லினக்ஸையும் பட்டினி போடுறியளோ?" என்று கூட வேலைசெய்த சுபாஸ் சிரித்தான்.

"இருக்கிறதை வைச்சுச் செய்வம், தம்பி."

விளையாட்டுகளை நீக்கினேன். பின்னணிப் படங்களை நீக்கினேன். திரையில் உள்ளதைத் தமிழில் வாசிக்கும் குரலையும் நீக்கினேன்.

அந்தக் குரல் பெர்னடெட் ஒருவருக்குத்தான் தேவைப்பட்டது. அவருக்குப் பார்வை இல்லை. யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில், குரலுள்ள பென்டிரைவைச் சொந்தமாகக் கொண்டுவந்து கணினியைத் தனியாக இயக்கிக் காட்டினால் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை அவருக்கு வரும் செய்திகளை மாலைப் பூசைக்குப் பிறகு நானே வாசித்துச் சொல்வேன். சிறிய உதவி. சிறிய உதவிகளால்தான் ஆண்டவர் இந்த உலகத்தைத் தாங்குகிறார் என்று நம்புகிறேன்.

குரலை நீக்குமுன், பரீட்சார்த்தமாகக் குரலோடு ஒரு பென்டிரைவைச் செய்து, ஒரு கணினியோடு அவரிடம் கொடுத்திருந்தேன். சில நாட்களில் தானே தட்டி, தானே கேட்டுச் சிரித்தார்.

"உவன் மூக்காலை கதைக்கிறான். எண்டாலும் அலுக்கிறானில்லை. இனி உங்களைக் கரைச்சல்படுத்தத் தேவையில்லை, சிமியோன் அண்ணை."

எனக்கு அது ஒருநாளும் கரைச்சலாக இருந்ததில்லை.

புதிதாக எழுதித் தருவதாகச் சொல்லி அந்தப் பென்டிரைவை வாங்கினேன். திருப்பிக் கொடுத்தபோது கணினி பேசவில்லை. இடம் காணாது என்றேன். "பறவாயில்லை அண்ணை, மற்றச் சனத்துக்கும் குடுக்கவேணும்தானே" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். வேலை வேறொருவருக்குப் போனது.

அந்தக் குரல் மூன்று நான்கு பாட்டுகளின் இடத்தைத்தான் பிடிக்கும். இரண்டு ஜீபிக்குள் தாராளமாக அடங்கியிருக்கும். அது இருந்த இடத்தில், அவர் கேட்கட்டும் என்று, மாதா பாடல்களை வைத்தேன். குரல் இல்லாமல் அவரால் அவற்றைத் திறக்க முடியாது. நான் போய்த் திறந்துவிடுவேன்.

பிறகு பெர்னடெட் கணினியைத் திருப்பித் தந்துவிட்டார். இப்போது செய்தி வந்தாலும், "பிறகு வாசியுங்கோ" என்கிறார்.

மனச்சாட்சி உள்ளவன் நான். போன ஞாயிறு பூசையில் அவர் முழந்தாளில் நின்றபோது, குரலோடு மீண்டும் எழுதிய பென்டிரைவை அவருடைய கைப்பையில் வைத்தேன். தவறி விழாதபடி, கிழிந்த உள்துணிக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை, நான் அவரிடமோ வேறு யாரிடமோ சொல்லவும் இல்லை. அவருக்குத் தரவேண்டியதைத் தந்துவிட்டேன் என்ற நிம்மதியோடு, வழமைபோல் அவர் கையைப் பிடித்துப் படியிறக்கினேன்.