ஊறப் போடாமல் இணைத்த புள்ளி

அத்தை மருந்து மூடியை உதட்டருகே கொண்டுபோய்விட்டார், அக்கா! கொண்டுபோனவர் அங்கேயே நிறுத்தி, "ஏண்டி, நேத்து வரைக்கும் மூடியோட அடி நனையற அளவுதானே? இன்னிக்கு அஞ்சு மில்லின்னு வாசிக்குது போன்ல இருக்கிற உன் வாசிப்பான். டாக்டர் மாத்திட்டாரா?" என்றார். "ஐயோ, குடிக்காத! கீழ வை!" என்று நான் போட்ட சத்தத்தில் மூடி கைதவறி மருந்தெல்லாம் போர்வையில். "கண்ணுதான் தெரியல, காது நல்லாத்தாண்டி கேக்குது, எதுக்கு இப்படிக் கத்துற?" என்று திட்டும் விழுந்தது. இப்போது வீடே தூங்குகிறது. நான் மட்டும், நாளை நீங்கள் பொறுப்பிலிருந்து விடைபெறும் விழாவில் உங்களுக்குத் தரவேண்டிய பாராட்டு மடலைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாராட்டு மடல் இப்படித் தொடங்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். "கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுறதும்மா. கம்பீரமா இருக்கணும். அடுக்கடுக்கா 'அவர்களே, அவர்களே'ன்னு போடு" என்று நம் வாசிப்பான் குழுவின் தட்டச்சு மாமா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். நம் குழுவில் இன்னும் பள்ளிக்கூடம் போகிற ஒரே ஆள் நான். ஆகவே தமிழ் எனக்குத்தான் துருப்பிடிக்காமல் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. சரி, போடுகிறேன்.

வரிவரியாய் வாசித்து, வழுவெல்லாம் வடித்தெடுத்த வாசிப்பானின் காவலரே! கண்ணுக்கு எட்டாத எழுத்தைக் காதுக்கு எட்டவைக்கும் நம் செயலியைக் காசு வாங்காமல், களைப்பும் காட்டாமல், பதினெட்டு ஆண்டுகள் கட்டிக்காத்த கருணையே! யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம் என்று நிரலின் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, வந்த திருத்தங்களில் ஒன்றைக்கூடப் படிக்காமல் உள்ளே விடாத பொல்லாத வாயிற்காப்பாளரே! எங்கள் 'ஊறட்டும்' அக்கா அவர்களே! வணக்கம்!

இந்தப் பட்டப்பெயரை மேடையில் சொல்லலாமா என்று மாமா யோசித்தார். சொல்லாமல் எப்படி? எவ்வளவு நல்ல திருத்தமானாலும், வந்த அன்றே அதைச் செயலியில் சேர்க்கும் 'இணை' பொத்தானை நீங்கள் அழுத்தியதே இல்லை. "ஒரு ராத்திரி ஊறட்டும்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள். மறுநாள் ஜெராக்ஸ் கடை மாடியறையில், சக்கரம் கழன்ற அந்த நாற்காலியில் அமர்ந்து, திரை கீறிய பழைய போனில் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். முதலில் நன்றி சொல்வீர்கள், பிறகுதான் குறை சொல்வீர்கள். என் முதல் திருத்தத்தை மூன்று முறை திருப்பி அனுப்பினீர்கள். "ஊறி ஊறி அது புளிச்சே போச்சுக்கா" என்று நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டபோது, "புளிச்சாலும் பரவாயில்லடி, பச்சையா மட்டும் போகக் கூடாது" என்றீர்கள். அன்று அழுதேன். நான்காம் முறை நீங்கள் இணைத்தபோது, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்லலாம் போலிருந்தது!

இன்று மாலை உங்கள் கடைசித் திருத்தம் வந்தது. வாக்கியம் முடிகிற இடத்தில் வாசிப்பான் இனி "புள்ளி" என்று கத்தாது. மெல்ல மூச்சு விட்டு நிறுத்தும். என்ன அழகு! நாளை விழாவில் நீங்களே வெளியீட்டுப் பொத்தானை அழுத்த, அது எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. தன் திருத்தத்தைத் தானே இணைக்கக் கூடாது என்பது நீங்கள் வைத்த சட்டம். அதனால் இணைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தீர்கள். குழுவில் ஆளாளுக்கு மாலை போடுவதுபோல, 'பார்த்தாயிற்று, சரி' என்று பச்சைக்குறி போட்டார்கள். படித்துவிட்டுப் போட்டவர் ஒருவருமில்லை. "ஊறப் போடட்டுமா மாமா?" என்று கேட்டேன். "அக்கா எழுதினதையா? நல்லா இருக்கே கதை! அழுத்தும்மா" என்றார். அழுத்தினேன். அழுத்திய கையோடு, பெருமையாக, அத்தையின் போனிலும் ஏற்றினேன்.

மருந்துக்கடைச் சீட்டில் 0.5 என்ற அளவு வரி மடங்கி, "0." மேலேயும் "5 மில்லி" கீழேயும் அச்சாகியிருந்தது. வரிக் கடைசியில் புள்ளியைப் பார்த்த உங்கள் நிரல், வாக்கியம் முடிந்துவிட்டது என்று மரியாதையாக மூச்சு விட்டது. "பூஜ்ஜியம்." பிறகு, புது வாக்கியமாக, "ஐந்து மில்லி." நேற்றுவரை "பூஜ்ஜியம் புள்ளி ஐந்து" என்று கத்தியதால்தான் அளவு தப்பாமல் இருந்தது.

போர்வையை மாற்றிப் போட்டுவிட்டு, உங்கள் திருத்தத்தைச் செயலியிலிருந்து திரும்ப எடுத்தேன். காரணத்தையும் எழுதினேன். எழுதும்போது முதலில் நன்றி சொல்ல மறக்கவில்லை. குழுவில் மாமாவின் குரல்பதிவு அலறியது: "என்ன காரியம் பண்ணிட்டே! அக்கா கடைசியா குடுத்ததை வாசலோட திருப்பி அனுப்பிட்டியே! நாளைக்கு நான் அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" விழாவே என்னால் பாழாயிற்று என்று நினைத்த அந்த நேரத்தில்தான் உங்கள் பதில் வந்தது.

"அப்பாடா! இத்தனை வருஷத்துல என்னோடதை ஒருத்தி திருப்பி அனுப்பியிருக்கா! எனக்கு மாலையும் வேணாம், மேடையும் வேணாம், இது போதும். நாளைக்கு வெளியீடு என் திருத்தம் இல்லாமலே போகட்டும். இணைக்கிற பொறுப்பு இனிமே அவகிட்டயே இருக்கட்டும். பச்சைக்குறி போட்ட மகராசனுங்க எல்லாரும் நாளைக்கு எனக்குப் பதில் சொல்லணும்!"

அக்கா, நான் குதித்த குதியில் அத்தை பக்கத்து அறையிலிருந்து, "என்னடி, அடுத்த போர்வையா?" என்றார்! மாமாகூட ஒரு கும்பிடு அனுப்பி, "பொழச்சுப் போ" என்றார்.

அப்போது எனக்கு மட்டும் தனியாக ஒரு வரி அனுப்பினீர்கள். "உங்க அத்தைக்கு நேத்துன்னு ஒண்ணு இருந்துச்சு, அதனால கேட்டாங்க. இன்னிக்குத்தான் முதல் தடவையா மருந்து வாங்கினவங்களுக்கு ஏதுடி நேத்து?"

குதிப்பது நின்றுவிட்டது.

பிழை பொறுக்காத பெருந்தகையே! உங்கள் பிழையைப் பிறர் காண்கையில் பூரித்துப்போகும் பேருள்ளமே! காதின் கூர்மை குறையாமல், காலையில் எழுந்தவுடன் யார் அனுப்பியதையும் படிக்க வேண்டிய கட்டாயமில்லாமல், நோயின்றி நொடியின்றி நூறாண்டு வாழ வேண்டுமென்று வாழ்த்தி, வாசிப்பான் குழுவினர் அனைவரும் இதன் அடியில் கையெழுத்திடுவார்கள். அவர்களோடு நானும் இடுவேன். அடுத்த வாரம் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய திருத்தம் என்னிடம் வரும். படிப்பேன், ஊறப் போடுவேன், கண்ணை மூடிக் கேட்பேன். அப்படியும் ஒன்று என் காதுக்குத் தப்பி, நேற்று என்பதே இல்லாத ஒரு வீட்டுக்குள் போய்விட்டால், அங்கே சந்தேகப்பட்டுக் கேட்க யார் இருப்பார்கள், அக்கா?