அணைச்சா மறந்துரணும்

ஐயோ, ஸ்குரூவெல்லாம் கழட்ட வேண்டாமுங்ணா. லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் ஓடுது. ஆமா, ஸ்லோவா இருக்குன்னுதான் முதல்ல சொன்னேன். அது சும்மா பேச்சை ஆரம்பிக்கறதுக்குச் சொன்னதுங்க. எனக்கு வேணுங்கறது வேற. ராம் டிஸ்க்குன்னு ஒண்ணு போடுவாங்களாமில்ல, ராம்ல கொஞ்சம் இடத்தைப் பிரிச்சு அதையே ஒரு டிரைவ் மாதிரி வெச்சுக்கறது? அதைப் போட்டு, மெஷின் தற்காலிகமா எழுதி வெக்கற இந்த டெம்ப் போல்டரையெல்லாம் அங்க மாத்திக் குடுக்கணும்.

சிரிக்காதீங்ணா. இவ வாயில இதெல்லாம் எப்படி வருதுன்னுதானே? எல்லாம் மீனு அப்பா சொல்லிக் கேட்டதுதான். அவரு இங்க பூனாவுல, ஹிஞ்சவாடில சாஃப்ட்வேர் வேலையில இருக்காருங்க. போன ஞாயித்துக்கெழமை அவரு ஃபிரெண்டு பத்ரி வந்திருந்தாரு. நான் உள்ள பஜ்ஜி போட்டுட்டு இருக்கேன், இவரு ஹால்ல பாடம் எடுத்துட்டு இருக்காரு. டெம்ப் ஃபைலையெல்லாம் ராம்ல வெச்சுட்டா, மெஷினை அணைச்சதும் தானாப் போயிரும் பத்ரி, குப்பையே சேராதுன்னு. பஜ்ஜி கருகறதுகூடத் தெரியாம நின்னுட்டேனுங்க.

நாங்க இருக்கற சிஞ்ச்வட்ல கடை இல்லாமயா இவ்வளவு தூரம் வந்தேன்னா கேக்கறீங்க? எங்க அபார்ட்மென்ட் சொசைட்டி வாசல்லயே ஒண்ணு இருக்குதுங்ணா. அந்தக் கடைக்காரரு தெனம் சாயங்காலம் இவரோட நின்னு சாயா குடிப்பாரு. அதுவும் போக, இதையெல்லாம் ஹிந்தியில சொல்ற அளவுக்கு எனக்கு ஹிந்தி பத்தாது. காய்க்காரன்கிட்ட கித்னா, கம் கரோ, அவ்வளவுதான். மீனுவுக்கு டியூஷன் எடுக்கற ஸ்டெல்லா டீச்சர்தான் சொன்னாங்க, கட்கி பஜார்ல சுனில்னு தமிழ் பேசற நம்மாளு ஒருத்தரு இருக்காரு, வேலையும் சுத்தம், வெளிய ஒரு பேச்சுப் பேச மாட்டாருன்னு. லோக்கல் டிரெயினைப் புடிச்சு ஓடி வந்தேன். மீனுவுக்கு ஸ்கூல் விடறதுக்குள்ள திரும்பியாகணும்.

ஹிஸ்டரியை அழிச்சா ஆகாதான்னா, அழிச்சுப் பார்த்துட்டேனுங்க. அவரு ஆபீஸ்ல இருந்து வந்ததும் கை கால் கழுவறாரோ இல்லியோ, இதைத் தொறந்து பார்த்துருவாரு. காலியா இருந்துச்சுன்னா போச்சு. ஏன் கிரிஜா, இன்னிக்கு ஒண்ணுமே தேடலியா? அவ்வளவுதான் கேப்பாரு. சிரிச்சுட்டேதான் கேப்பாரு. அப்புறம் சாப்பிடறப்ப வாயே தொறக்க மாட்டாரு, மீனுகிட்டக்கூட. புள்ள அவரு மூஞ்சியையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்க்கும். தேடறது எதுவும் பதியாத அந்த இன்காக்னிட்டோவா? அதை எடுத்தே விட்டுட்டாரு. புருசன் பொண்டாட்டிக்குள்ள மறைக்க என்ன இருக்குன்னாரு. போனும் அதே கதிதான்.

சேச்சே, அடிக்கறதெல்லாம் இல்லீங்க. கை நீட்டினதே இல்ல. அதனாலதான் வெளிய சொல்ல முடியலை. எங்கம்மாகிட்டச் சொன்னா, தங்கமான மாப்பிள்ளைடி, உன்மேல பாசம் ஜாஸ்தின்னு என்னையே திட்டறாங்க. அந்தப் பாசத்துல மூச்சு முட்டுதும்மான்னு எப்படிச் சொல்றது?

போன ஆடியில ஒரு ஸ்கூல்ல வேலைக்கு எழுதிப் போட்டேனுங்க. ராஜின்னு என்கூடப் படிச்சவ, பயோடேட்டாவை அழகா அடிச்சு மெயில்ல அனுப்பியிருந்தா. மெயில்லயே தொறந்து பார்த்தேன், அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பினேன், மெயிலை அழிச்சேன், ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணினேன். கெட்டிக்காரின்னு நெனச்சுக்கிட்டேன். நாம தொறந்து பார்த்ததுக்கே இந்த மெஷின் ஒரு காப்பியை டெம்ப்ல போட்டு வெச்சுக்கும்னு எனக்கு எங்க தெரியும்? அவருக்குத் தெரியும், தேடி எடுத்துட்டாரு. திட்டலைங்ணா. என் முன்னாடியே அந்த ஸ்கூலுக்கு போன் பண்ணி, ஸ்பீக்கர்ல போட்டு, என் ஒய்ஃபுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லை மேடம், தப்பா நெனைக்காதீங்கன்னு அவ்வளவு மரியாதையாச் சொன்னாரு. அந்தம்மாவும் பாவம் பார்த்துப் பேசுறாங்க. நான் அங்கதான் நிக்கறேன். அப்புறம் சாப்பிட உக்காந்து, குழம்பு இன்னிக்கு சூப்பர்னாரு.

இல்லீங்க, தண்ணியெல்லாம் வேண்டாம். நீங்க வேலையைப் பாருங்க.

இப்ப இருக்கற பிரவுசரு அப்படியே இருக்கட்டுமுங்ணா. அதுல நான் கொள்ளு ரசமும், மீனுவோட மராத்தி ஹோம்வொர்க்கும் தேடிட்டே இருப்பேன். அவரு பார்க்கறதுக்கு ஏதாச்சும் வேணுமில்ல? இன்னொண்ணு போட்டு, அதோட குப்பை, டவுன்லோடு எல்லாம் ராம்ல விழற மாதிரி பண்ணிருங்க. இது எதுக்குன்னு அவரு கேட்டா, நீங்கதானே பத்ரிகிட்டச் சொன்னீங்கம்பேன். அவரு சொல்லி நான் கேட்டேன்னா, அந்தப் பெருமையில மேல கேக்க மாட்டாரு.

இருங்க இருங்க. அது என்ன டிக்கு? அணைக்கறப்ப எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்து வெச்சுக்குமா? எடுங்ணா. எடுத்துருங்க அதை! நல்ல மனசோடதான் போட்டீங்க, தெரியுது. வாராவாரம் வியாழக்கெழமை இங்க கரண்டை நிறுத்தறப்ப எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு கஸ்டமருங்க அழுதுட்டு வருவாங்க, சரிதான். எனக்கு அழியறதுக்குத்தானுங்க வேணும். நான் கவனிக்காம விட்டிருந்தா, நானே அவரு கையில கொண்டுபோய்க் குடுத்திருப்பேன்.

மூடி வெச்சா பத்தாதுங்களா, ஷட்டவுனே குடுக்கணுமா? சரிங்ணா. மறக்க மாட்டேன்.

டெஸ்ட் பண்ணிக் காட்டறீங்களா? காட்டுங்க, என் கண்ணால பார்த்துக்கறேன். என்னன்னு அடிக்கறதா? எதையாச்சும் அடிங்களேன். ம்... வாடகைக்கு வீடுன்னு போடுங்ணா. கோயமுத்தூரு வேண்டாம், அங்க தெருவுக்கு ஒரு சொந்தம். திருச்சின்னு போடுங்க. அங்க எனக்கும் யாரையும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பெருசெல்லாம் வேண்டாம், ஒரு ரூம் இருந்தாப் போதும். நானும் மீனுவும் மட்டுந்தானுங்க.

வந்துருச்சே. எவ்வளவு வீடு இருக்குது பாருங்க.

சரி, போதும். இப்ப அணைங்ணா.