சோழ ராஜாவின் ஐடி கார்டு

மெட்ரோவில் நான் கம்பியைப் பிடித்து நின்றிருந்த இடத்துக்கு எதிர் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி கைபேசியைக் கணவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பாத்துக்குங்க. நேத்து காலனி நாடகத்துல சோழ ராஜா கழுத்துல ஆபீஸ் ஐடி கார்டு!”

“ஆபீஸ்லேருந்து நேரா மேடைக்கு வந்தேன். ஜல்தி ஜல்தின்னு நீதானே கிரீடத்த மாட்டிவிட்ட?”

“கல்யாணமான நாள்லேருந்து ஒரு ராஜா படமாவது முழுசா பாக்க விட்டீங்களா? ‘நிறுத்து, தளபதி மணிக்கட்டுல வாட்ச் தடம். நிறுத்து, ராணி ரவிக்கையில ஜிப்.’ எந்த யுத்தத்துல யாரு ஜெயிச்சான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது.”

அவர் கழுத்தில் தொங்கிய அட்டையை மெல்லச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

“அச்சா. இப்ப என்னங்குற?”

“இனிமே வாயத் திறந்தா இந்தப் போட்டோ உங்க ஆபீஸ் குரூப்புக்குப் போகும்.”

மனைவி அப்போதே கைபேசியில் ஒரு பழைய ராஜா படத்தை ஓடவிட்டார். மகாராணி கையை உயர்த்தி மக்களை வாழ்த்தினாள். புஜத்தில் அம்மை குத்திய தழும்பு, நின்றிருந்த எனக்கே தெரிந்தது.

“ஏங்க, ராணி கையில ஏதாச்சும் தெரியுதா?”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“வளையல்தான் தெரியுது. நல்லா இருக்கு.”