பால் வண்டி படகாக வந்த மதியம்

எனது பெயர், தந்தை பெயர், முகவரி ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது இருபத்து மூன்று. மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு முடித்து, இறுதி ஆண்டுக் கட்டணம் கட்டக் காத்திருக்கிறேன். பால் வண்டி ஓட்டுநர் மீதான விபத்து வழக்கில் என்னைச் சாட்சியாக விசாரித்ததில், நான் சொல்வது பின்வருமாறு.

என் தாய் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறார். படிப்புக்கு வங்கியில் வாங்கிய கடன் மூன்றாம் ஆண்டோடு தீர்ந்துவிட்டது. அதன்பின் கல்லூரி உதவித்தொகைக்கு எழுதிப்போட்டு, ஒரு மதிப்பெண்ணில் தவறவிட்டேன். அதன்பின் நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுத்தேன், முதலாண்டு மாணவர்களுக்கு எலும்பு, நரம்புப் படங்கள் வரைந்து விற்றேன். தன் மகனைக் கட்டிக்கொண்டால் மீதிப் படிப்பைத் தானே பார்த்துக்கொள்வதாகத் தாய்மாமன் சொன்னார். அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனை கேன்டீன் சுவரில் தூக்க ஆய்வுக்கூடத்தின் அறிவிப்பைப் பார்த்தேன். புதிய தூக்க மாத்திரை ஒன்றைச் சோதிக்கப் பகலில் படுத்துத் தூங்க ஆள் வேண்டும், அதற்குப் பணம் உண்டு என்று அதில் இருந்தது. என் தாயிடம் சொன்னபோது, "ஊரெல்லாம் தூக்கம் கெட்டுப் படிக்குதுங்க. எம் பொண்ணு தூங்கியே டாக்டர் ஆயிடுவா போல" என்று சிரித்தார்.

ஆய்வுக்கூடம் மாடியில் ஒரே நீள அறை. கட்டில்களுக்கு நடுவே வெளிர்பச்சைத் திரைகள் உண்டு. மாத்திரை கொடுத்து, தலையில் பசை தடவி வயர்களை ஒட்டுவார்கள். எங்கள் தூக்கத்தை அடுத்த அறையில் ஒரு இயந்திரம் கோடுகளாக வரையும். அதைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் பெண்ணை நாங்கள் மெஷின் அக்கா என்போம். விழித்ததும், வயர்களைக் கழற்றுவதற்கு முன்பு, கண்ட கனவை அவரிடம் சொல்ல வேண்டும். கழற்றினால் கனவு கலைந்துவிடும் என்பார். மாத்திரை சாப்பிட்டவர்கள் மாலையில் டாக்டர் பார்க்கும்வரை வெளியே போகக்கூடாது என்பது அங்குள்ள விதி.

பால் வண்டி ஓட்டுநர் எனக்கு அடுத்த கட்டில். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சிலருக்குக் கொடுப்பது மருந்தில்லாத வெறும் மாத்திரை, அது யாருக்கு என்று எங்களுக்குச் சொல்வதில்லை. சம்பவத்தன்று மாத்திரையை விழுங்கிவிட்டு, "எனக்குக் குடுத்தது சும்மா மாத்திரைதான் தங்கச்சி. எம் பொண்டாட்டி திட்டுனாகூட இதைவிட நல்லாத் தூக்கம் வரும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் குறட்டை கேட்டது. அதன்பின் நானும் தூங்கிவிட்டேன்.

கனவில் அந்த அறையின் கூரை தண்ணீராக இருந்தது. திரைகள் பாசிபோல் அசைந்தன. நான் தண்ணீருக்குக் கீழே படுத்திருந்தேன், மூச்சு முட்டவில்லை. மேலே கரையில் பால் கேன்களோடு ஒருவர் நின்று, "படகை எடுக்கலாமா?" என்று கேட்டார். "மூஞ்சியைக் கழுவிட்டு எடுங்கண்ணே. ஒண்ணும் ஆகாது" என்று ஒரு பெண் குரல் சொன்னது. அதன்பின் படகின் அடிப்பாகம் என் முகத்துக்கு மேலே நிழலாக நகர்ந்துபோனது. வெகுநேரம் நகர்ந்துகொண்டே இருந்ததாக எனக்குத் தோன்றியது.

நான் விழித்தபோது அடுத்த கட்டில் காலியாக இருந்தது. தலையில் வயர்களோடு உட்கார்ந்து, மேற்படி கனவை மெஷின் அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "படகு இல்லடி, பால் வண்டி. வண்டி எடுக்கலாமான்னு அந்த அண்ணன் கேட்டாரு, மூஞ்சியைக் கழுவிட்டு எடுங்கன்னு நான்தான் சொன்னேன். அடுத்த பேட்ச் வந்துடுச்சு, பெட்டைக் காலி பண்ணுன்னு டாக்டர் நிக்கிறாரு. எங்களையும் உன் கனவுக்குள்ள இழுத்துட்டியா?" என்றார். அப்போது விபத்து நடந்திருக்கவில்லை.

அன்று மாலை தூக்கக் கலக்கத்தில் அண்ணன் ஓட்டிய பால் வண்டி நடைபாதையில் ஏறியதையும், வேலை முடிந்து நடந்துபோன தையல்காரர் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்ததையும் மறுநாள் கேன்டீனில் பேசக் கேட்டேன். நேரில் பார்க்கவில்லை. ஓட்டக்கூடாது என்று எச்சரித்தும் ஓட்டுநர் கேட்காமல் ஓடிவிட்டதாக ஆய்வுக்கூடத்தார் சொல்வதையும், அதனால் அவர் சிறைக்குப் போகக்கூடும் என்பதையும் அதன்பின் அறிந்தேன். மெஷின் அக்காவைப் படிக்கட்டில் பார்த்துக் கேட்டதற்கு, "நான் அப்படியா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லடி" என்றார். கையிலிருந்த பசைத் துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

அதன்பின் ஆய்வுக்கூட டாக்டர் என்னை அறைக்கு அழைத்து, உட்காரச் சொன்னார். "உன்னைப் பொய் சொல்லச் சொல்லலம்மா. நீ தூங்கிட்டு இருந்தே, கிராஃபே இருக்கு. தூங்குனவ என்னத்தைக் கேட்டிருக்கப் போற? போலீஸ் கேட்டா தூங்கிட்டேன்னு சொல்லு, அவ்வளவுதான்" என்றார். நான் எழுந்து வரும்போது, "கடைசி வருஷ ஃபீஸை நினைச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. அதை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்.

இதை என் தாயிடம் சலவை நிலையத்திலேயே போய்ச் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைக் கோட்டின் காலரைத் தேய்த்து முடித்து, பொத்தான்களைப் போட்டுவிட்டு, "மாமாகிட்ட வேணா ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் அடுத்த கோட்டை எடுத்தார். அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

தூக்கத்தில் கேட்டதை எப்படிச் சாட்சியமாக ஏற்பது என்று அதிகாரி கேட்டார். தூக்கத்தில் கேட்டதற்கு நான் சாட்சி சொல்லவில்லை, விழித்தபின் மெஷின் அக்கா தன் வாயால் சொன்னதற்குத்தான் சொல்கிறேன். அப்போதும் வயர்கள் என் தலையில்தான் இருந்தன. டாக்டர் சொல்லும் அதே கிராஃபை வரவழைத்துப் பார்த்தால், அந்த நேரத்தில் நான் விழித்திருந்தது தெரியும்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கனவு பற்றிய பகுதி வழக்குக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாமா என்று அதிகாரி கேட்டார். அதை எடுத்தால் அக்கா சொன்ன பதிலுக்கு அர்த்தமில்லாமல் போய்விடும் என்பதால், இருக்கட்டும் என்றேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல், முழு விழிப்போடு, நடந்ததை நடந்தபடி சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)