தேவதூதனுக்குக் கோரைப்பல்

“தேவதூதனுக்குக் கோரைப்பல் வச்சுட்டேன் அண்ணாச்சி.”

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் புளியங்குடி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் இதைச் சொன்னவர் கோபுரங்களுக்குச் சுதைச்சிற்பம் செய்கிறவர், நகக்கண்ணெல்லாம் சிமெண்ட். பக்கத்தில் ஒரு எலுமிச்சை வியாபாரி. நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

“ஏன் வே அப்படி?”

“முப்பது வருசமா துவாரபாலகர் செஞ்ச கைல்லா. சர்ச்சுக்குப் புதுசா கட்டுன வாசலுக்கு ரெண்டு தூதர்னதும், வழக்கம்போல பல்லை வச்சு, மிரட்டுததுக்கு ஒரு விரலையும் தூக்கிட்டுது. விடிஞ்சா திறப்பு விழா. சாரத்தைப் பிரிச்சப்பதான் பாக்கேன்.”

“ஃபாதர் என்ன சொன்னாரு?”

“அண்ணாந்து ரொம்ப நேரம் பாத்தாரு. எனக்கு உசுரே போயிட்டு. பொறவு சிரிச்சாரு. ‘ஏதேன் தோட்டத்து வாசல்ல எங்க தூதரும் வாளோட காவல்தான் நின்னாரு. கெட்டது உள்ள வரப்பிடாது, அதுக்குத்தான எல்லாரும்? இருக்கட்டும்’னுட்டாரு.”

“சனங்க?”

“அதைக் கேளுங்க. நேத்து ஃபாதர் கூப்பிட்டாரு. இத்தன வருசம் பிரசங்கத்துல சொல்லியும் அடங்காத செல்போனு, அந்த விரலைப் பாத்ததும் வாசல்லயே அமந்துருதாம். இப்ப பீடத்துப் பக்கத்துலயும் ஒருத்தர் வேணுமாம். ‘பல்லு கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்’ங்காரு.”