சிவப்புப் புள்ளி அண்டா

— செல்லுல பாக்குற மாதிரி வேணாம்மா கலைமதி. இந்தக் கடை கம்ப்யூட்டர்லயே முடிச்சுடு.

— துரைக்கண்ணு அண்ணா, மூணாவது தடவ மாத்துறீங்க. அனந்தபுரத்துலேர்ந்து அண்டா இருக்குதான்னு கேக்க ஒருத்தன் செஞ்சிக்கு பஸ் ஏறி வரக் கூடாது, வூட்ல குந்திக்கினே பாக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?

— சொன்னேன், இல்லன்னல. இப்ப வேணான்றேன். ஆக்சஸுன்னு ஒண்ணு சொன்னியே, அது இன்னா?

— சாமான் விவரம் பூராவும் உள்ள ஏத்தியாச்சுணா. கண்ணுக்குத் தெரியுற முன்பக்கத்த எதுல கட்டுறதுன்றதுதான் பேச்சு. ஆக்சஸ்ல கட்டுனா இங்க குந்தியிருக்குற நீங்க மட்டும் பாக்கலாம். பிரவுசர்ல கட்டுனா ஊரே செல்லுல பாக்கலாம்.

— அப்ப ஆக்சஸ்தான். ஊரு எதுக்குப் பாக்கணும்?

— நல்லா இருக்குதே! சேரு, சாமியானா, அண்டா வாடகைக்கு வுடுற கடைணா இது.

— கரண்டு போவும், நெட்டு போவும், வைரஸு வரும்ன்றாங்க. எனக்கு டென்ஷன் தாங்காதும்மா. டீ சொல்லட்டா?

— டீ இருக்கட்டும். ஒண்ணு கேக்குறேன். உங்க நோட்டுல அண்டா ரெண்டு வரியா இருக்குது. அண்டா இருபது. சிவப்புப் புள்ளி அண்டா ஆறு. ஒரே அளவு, ஒரே எடை. எதுக்கு ரெண்டு கட்டம்?

— அது... பழசும்மா. பழசுக்கு ஒரு அடையாளம்.

— போன ஆடியில பழசத் தள்ளிட்டு வாங்குன பில்ல நீங்கதான குடுத்தீங்க. ஆறும் புதுசு.

— அது வந்து... எங்க நைனா காலத்துப் பழக்கம். அப்டியே வருது.

— ரெண்டாயிரத்து முந்நூறு வரி டைப் அடிச்சேன்ணா. பத்து வருஷத்துல ஒரு புள்ளி அண்டாவும் காலனியத் தவிர வேற தெருவுக்குப் போகல.

— மெதுவாப் பேசும்மா, ரோட்ல ஆளு போறாங்க.

— மெதுவாவே கேக்குறேன். சொல்லுங்க.

— நான் பிரிக்கலம்மா. சத்தியமா. ஊர்க்காரங்க கேக்குறாங்க. "இது எங்க போய்ட்டு வந்த அண்டா"ன்னு திருப்பித் திருப்பிப் பாக்குறான். புள்ளி வெக்கலன்னா எவனும் கல்யாணத்துக்கு எடுக்க மாட்டான். பெயிண்டு டப்பாவ என் பொண்ணு வளர்மதி கண்ணுல படாமதான் வெச்சிருக்கேன், தெரியுமா? அவ காலேஜுல படிக்குறா. கேட்டுட்டா இன்னா சொல்லுவேன்?

— செல்லுல வேணாம்னது இதுக்குத்தானா?

— பின்ன? ரெண்டு கட்டமும் பளிச்சுன்னு தெரியும். இது இன்னா புள்ளின்னு காலனிப் பையன் ஒருத்தன் போட்டோ புடிச்சு அனுப்புனான்னா, என் மூஞ்சிய எங்க கொண்டு போயி வெச்சுக்குவேன்? நீ நம்ம பொண்ணு, தொண்டூருன்னு சொன்ன. அதான் உன்கிட்ட உடைச்சுச் சொல்றேன்.

— தொண்டூருன்னு சொன்னேன். எந்தத் தெருன்னு நீங்க கேக்கல. வர்ற பன்னெண்டாந்தேதிய நோட்டுல பாருங்க.

— பன்னெண்டு... பெரியதம்பி, தொண்டூர் காலனி. பொண்ணு கல்யாணம். புள்ளி அண்டா நாலு.

— அவரு எங்க நைனா. கல்யாணம் எங்க அக்காவுக்கு.

— ஐயய்யோ! அம்மாடி, எனக்குத் தெரியாதும்மா.

— எனக்கும் நேத்து வரைக்கும் தெரியாதுணா. எங்க வூட்டு விசேஷம் எல்லாத்துலயும் அந்தப் புள்ளியப் பாத்திருக்கேன். உங்க கடை அடையாளம்னு நெனச்சிக்கினு இருந்தேன். அந்த வரிய அடிக்கும்போதுதான் வெளங்குச்சு. வெக்கமாப் போச்சு எனக்கு, இத்தினி நாளு தெரியாம அதுல வடிச்ச சோத்தையே துன்னோமேன்னு.

— நீ இன்னாத்துக்கும்மா வெக்கப்படணும்? உன்ன நிமுந்து பாக்கவே எனக்குக் கூசுது. இரு, நான் சொல்றதக் கேளு. புள்ளி இல்லாததுல பளபளன்னு நாலு எடுத்து, நானே வண்டியில ஏத்தி அனுப்புறேன். நைனாகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிக்காத. போதுமா?

— அனுப்புங்க, வேணான்னு சொல்லல. கல்யாணம் முடிஞ்சு அந்த நாலும் திரும்பி வரும்லணா, அப்ப எந்தக் கட்டத்துல ஏத்தட்டும்?